சின்னக் கீறலா, பெரிய கீறலா?

ஒரு சனிக்கிழமை காலை மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்கு. பின் சீற்றிலிருந்து "அப்பா, முயல் விழுந்திட்டுது" என்று ஒரே அழுகை. அவளுக்கு நாலு வயது. அந்தத் துணி முயல் இல்லாமல் எங்கேயும் வரமாட்டாள். நான் முன்னுக்குப் பார்த்தபடியே வலது கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். நீங்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு நாலு தரம் செய்கிற வேலைதான்.

தோளுக்குள் ஏதோ வழுக்கினது. அதற்குப் பிறகு அந்தக் கை நான் சொன்னதைக் கேட்கவில்லை.

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள். இடது கையைக் குறுக்கே எட்டி, காரைப் பார்க்கில் போட்டு, அபாய விளக்கையும் போட்டேன். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மகள் முயலை மறந்துவிட்டாள். "அப்பா, ஏன் கத்துறீங்கள்?" என்று கேட்டாள். நான் கத்தினது எனக்கே தெரியாது.

பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு சீன அம்மா இறங்கி வந்தா. அம்புலன்ஸைக் கூப்பிட்டு, என் மனுசி வந்து சேரும் வரைக்கும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவவின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பத்தியில் வழக்கமாகத் தமிழ் வீட்டுப்பாடம், திரை நேரம், தாத்தா பாட்டியோடு வரும் சண்டை என்று எழுதுகிறவன் நான். இந்தமுறை தோள். ஏனென்றால், கடந்த ஒரு வருடத்தில் இரண்டு நண்பர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "உனக்கு ஏன் கீஹோல் செய்யேல்ல?" தொலைபேசியில் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, சொஃப்ட்வெயார் எஞ்சினியர். ஒன்றை முடிவு செய்வதற்கு முன் அளவுக்கு மிஞ்சி வாசிக்கிற வியாதி உள்ளவன், அவ்வளவுதான்.

தேசிக்காயும் கரண்டியும்

எங்கள் ஊர்ச் சங்க விளையாட்டுப் போட்டியில் தேசிக்காய் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். கரண்டியில் தேசிக்காயை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். தோள்மூட்டு கிட்டத்தட்ட அதுதான். மேற்கை எலும்பின் தலை ஒரு பெரிய பந்து. அது உட்காருகிற கிண்ணம் மிகவும் ஆழம் குறைந்தது, கரண்டி மாதிரி. அதனால்தான் கையை எந்தப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் உடம்பிலுள்ள பெரிய மூட்டுகளில் அதிகம் கழருவதும் தோள்தான்.

தேசிக்காய் விழாமல் பிடிக்க இயற்கை இரண்டு வேலை செய்திருக்கிறது. ஒன்று, கரண்டியின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் மாதிரி ஒரு குருத்தெலும்பு. அதோடு ஒட்டிய ஒரு சவ்வுப் பை. மற்றது, சுற்றியுள்ள தசைகள். கழருகிறபோது பந்து பெரும்பாலும் முன்பக்கமாக வெளியே வரும். வரும்போது முன் விளிம்பிலுள்ள ரப்பர் வளையத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். இதை 1923இலேயே எழுதிவைத்தவர் பாங்கார்ட் என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர். இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான்.

இரண்டாவது காயமும் உண்டு. வெளியே வந்த பந்து கிண்ணத்தின் விளிம்பில் இடிபட்டு, பந்தின் பின்பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். 1940இல் ஹில், சாக்ஸ் என்ற இரண்டு எக்ஸ்ரே மருத்துவர்கள் விவரித்தது. மூன்றாவதுதான் எனக்கு வினையாக வந்தது: திரும்பத் திரும்பக் கழர, கிண்ணத்தின் முன் விளிம்பு எலும்பே உடைந்தோ தேய்ந்தோ போய்விடும். இப்போது யோசித்துப் பாருங்கள். ரப்பர் மட்டும் பிய்ந்த கரண்டி ஒன்று. முன்பக்கம் உடைந்துபோன கரண்டி இன்னொன்று. இரண்டையும் ஒரே மாதிரித் திருத்த முடியுமா?

எத்தனை தடவை?

என் தோள் முதலில் கழன்றது 19 வயதில். ஸ்காபரோவில் கிரிக்கெட். பந்தைத் தடுக்கப் பாய்ந்து நீட்டின கையில் விழுந்தேன். ரீமில் இருந்த மூத்த அண்ணா ஒருவர் "பேசாமல் படு" என்று சொல்லி, கையை இழுத்து உள்ளே தள்ளிவிட்டார். தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யவேண்டாம். எலும்பு உடைந்திருக்கலாம், நரம்பு அகப்படலாம். எக்ஸ்ரே எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் செய்கிற வேலை அது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிரிக்கெட் அன்றோடு சரி.

24 வயதில் கைப்பந்து. இந்தமுறை எமெர்ஜென்சிக்குப் போனேன். பிறகு பார்த்த நிபுணர், விளிம்பைக் கீஹோல் முறையில் தைக்கலாம், யோசித்துச் சொல் என்றார். எனக்குப் புது வேலை. ஆறு மாதம் கை வேலை செய்யாது என்று மனேஜரிடம் எப்படிச் சொல்வது? "பிறகு பார்ப்பம்" என்று விட்டேன். அந்தப் "பிறகு" 12 வருடம் நீண்டது.

கார்ச் சம்பவத்துக்குப் பிறகு புது நிபுணரிடம் போனோம். காத்திருக்கிற அறையில் ஒரு படிவம் தந்தார்கள். இதுவரை எத்தனை தடவை கழன்றது என்று ஒரு கேள்வி. 3 என்று எழுதினேன். பக்கத்திலிருந்த மனுசி எட்டிப் பார்த்தா.

"பொய்."

"முழுசாக் கழண்டது மூண்டு தரம்தான்."

"போன வருசம் நித்திரையில கத்தினீங்களே, அது? ஸ்னோ தள்ளேக்க வந்து குசினியில குந்திக்கொண்டு இருந்தனீங்களே, அது?"

நான் பேசவில்லை. அவ சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னா: "பிள்ளை காரில இருக்கேக்க நடந்திருக்கு. சிவப்பு விளக்கில நடந்தபடியால தப்பினம். 401இல நடந்திருந்தா?"

அதை நானும் யோசித்திருந்தேன். வேறு யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். 3ஐ வெட்டிவிட்டு, "முழுதாக 5, அரைகுறையாக 20க்கு மேல்" என்று எழுதினேன். பேனை பிடித்த கை நடுங்கினது தோளால் இல்லை.

நிபுணர் அந்த எண்ணைத்தான் முதலில் பார்த்தார். "அரைகுறை என்பதும் கணக்குத்தான். ஒவ்வொன்றும் விளிம்பைக் கொஞ்சம் தின்கிறது" என்றார். எம்ஆர்ஐ போதாது, எலும்பை அளக்க சிடி ஸ்கான் வேண்டும் என்று எழுதித் தந்தார்.

எண்கள் சொல்வது

ஸ்கான் திகதிக்குக் காத்திருந்த நாட்களில் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு முறைகளையும் முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கீஹோல் என்றால், தோளைச் சுற்றி மூன்று நாலு சின்னத் துளைகள். ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றர் அளவு. ஒன்றால் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள கமெரா, மற்றவற்றால் கருவிகள். கிண்ணத்தின் விளிம்பில் சிறிய ஆணி போன்ற பிடிகளை இறக்கி, அவற்றிலுள்ள நூலால் பிய்ந்த ரப்பர் வளையத்தையும் தளர்ந்த பையையும் இழுத்துத் தைப்பார்கள். திறந்த முறையில் இதே தையலைத் தோளின் முன்பக்கம் நீளமாகக் கீறிச் செய்வார்கள். உள்ளே போக, மூட்டின் முன்னால் நிற்கிற தசையைப் பிரிக்கவோ கழற்றித் திரும்பத் தைக்கவோ வேண்டும். அந்தத் தசை ஆறும் வரை அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

கீஹோலில் தசையைத் தொட வேண்டியதில்லை. ஆரம்ப வலி குறைவு, தழும்பு சின்னன். அப்படியென்றால் யார் பெரிய கீறலைக் கேட்பார்கள்?

இதற்கு நல்ல பதில் தந்த ஆய்வு ஒன்று எங்கள் கனடாவிலேயே, கல்கரியில் நடந்தது. 196 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கீஹோலும் மற்றப் பகுதிக்குத் திறந்த முறையும் செய்தார்கள். 2014இல் முடிவு வெளிவந்தது. இரண்டு வருடத்தில் திரும்பப் பிரச்சினை வந்தவர்கள் திறந்த முறையில் 11 சதவீதம், கீஹோலில் 23 சதவீதம். இரண்டு மடங்கு. ஆனால் அதே ஆய்வில், நோயாளிகளே "என் தோள் எனக்கு எப்படி இருக்கு" என்று புள்ளி போட்ட கேள்விக்கொத்தில் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. திரும்பக் கழரும் ஆபத்து அதிகமாக இருந்தது 25 வயதும் அதற்குக் குறைந்த ஆண்களுக்கும், பந்தில் பள்ளம் உள்ளவர்களுக்கும்.

என் வேலையில் இப்படி ஒரு முடிவு வந்தால், "எந்த அளவுகோல் உங்களுக்கு முக்கியம்?" என்று வாடிக்கையாளரிடம் திருப்பிக் கேட்போம். இங்கே வாடிக்கையாளர் நான். எனக்கு நாளாந்த சௌகரியமா முக்கியம், இன்னொருமுறை கழராமல் இருப்பதா? சிவப்பு விளக்கில் நின்ற காரை நினைத்தால் பதில் தெரியும். ஆனாலும் மனம் சின்னத் துளையைத்தான் தேடினது.

தேடினால் கிடைக்கும்தானே. 2007இல் பால்க், புவாலோ என்ற இரண்டு நிபுணர்கள் 10 புள்ளிகளுக்கு ஒரு கணக்கு வெளியிட்டிருந்தார்கள். வயது 20 அல்லது அதற்குக் குறைவென்றால் 2. போட்டி நிலை விளையாட்டென்றால் 2. இடிபடுகிற அல்லது கையைத் தலைக்கு மேல் வீசுகிற விளையாட்டென்றால் 1. மூட்டு இயல்பாகவே தளர்வென்றால் 1. எக்ஸ்ரேயில் பந்தில் பள்ளம் தெரிந்தால் 2. கிண்ணத்தின் விளிம்பு குலைந்திருந்தால் 2. மொத்தம் 6க்கு மேல் போனவர்களில் கீஹோல் தையலுக்குப் பிறகு திரும்பக் கழன்றது 70 சதவீதம். 6 அல்லது அதற்குக் குறைவென்றால் 10 சதவீதம்.

நான் இரவு 11 மணிக்குக் குசினி மேசையில் இருந்து கூட்டினேன். 36 வயது, பூச்சியம். வார இறுதிக் கிரிக்கெட், 1. பள்ளம், 2. விளிம்பு, 2. மொத்தம் 5! மனுசியை எழுப்பிச் சொன்னேன். "கீஹோல் காணும்." அவ திரும்பிப் படுத்தா.

உடைந்த கரண்டி

அடுத்த சந்திப்பில் நிபுணர் என் புள்ளிக் கணக்கைப் பொறுமையாகக் கேட்டார். நல்ல கணக்குத்தான் என்றார். ஆனால் அது எக்ஸ்ரேயைப் பார்த்துப் போடுகிற கணக்கு, விளிம்பு குலைந்ததா இல்லையா என்று மட்டும்தான் கேட்கும், எவ்வளவு குலைந்தது என்று கேட்காது. 6 என்ற எல்லை அதிகம், கீழே இறக்க வேண்டும் என்று பின்னால் சொன்னவர்களும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுத் திரையைத் திருப்பினார்.

சிடியில் என் கிண்ணத்தை மட்டும் தனியாக எடுத்து, முன்னால் இருந்து பார்க்கிற மாதிரிக் காட்டினார். கீழ்ப்பகுதி வட்டமாக இருக்க வேண்டும். அவர் ஒரு வட்டத்தை வரைந்தார். வட்டத்தின் முன்பக்கத்தில் எலும்பு இல்லை, வெறும் கறுப்பு. "ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது" என்றார்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்ஹார்ட்டும் தென்னாபிரிக்காவின் டி பீரும் 194 கீஹோல் தையல்களைத் திரும்பிப் பார்த்திருந்தார்கள். பெரிய எலும்பு இழப்பு இல்லாதவர்களில் திரும்பக் கழன்றது 4 சதவீதம். இருந்தவர்களில் 67 சதவீதம். கை ஒன்றுதான், நூல் ஒன்றுதான், துளை ஒன்றுதான். வித்தியாசம் எலும்பில். ஓரம் கிழிந்த துணியில் எவ்வளவு கெட்டியான நூலால் பொத்தான் தைத்தாலும் என்ன?

நிபுணர் சொன்ன வழி லத்தர்ஜே சத்திரசிகிச்சை. 1954இல் பிரான்ஸின் லியோன் நகரத்து மிஷெல் லத்தர்ஜே எழுதியது. தோளின் முன்னால் ஒரு சின்ன வளைந்த எலும்பு முனை இருக்கிறது. மருத்துவப் பெயரின் கிரேக்க வேர் காகத்தைக் குறிப்பது, காகச் சொண்டு மாதிரி இருப்பதால். அந்தச் சொண்டின் நுனியை, அதில் ஒட்டியிருக்கிற தசைநாரோடு சேர்த்து வெட்டி எடுத்து, கிண்ணத்தின் உடைந்த முன் விளிம்பில் வைத்து இரண்டு திருகாணியால் இறுக்குவார்கள். கரண்டி திரும்ப அகலமாகும். அதோடு, கையைத் தூக்கிப் பின்னால் கொண்டு போகும்போது அந்தத் தசைநார் பந்துக்கு முன்னால் ஒரு பட்டி மாதிரி இறுகித் தடுக்கும். இதையே கீஹோலில் செய்கிறவர்களும் உலகத்தில் உண்டு. ஆனால் கடினமான வேலை, பெரும்பாலானோர் திறந்துதான் செய்கிறார்கள்.

ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொன்னார். பக்கத்தில் முக்கியமான நரம்புகள் ஓடுகின்றன, இழுபட்டால் கொஞ்சக் காலம் கை சோரலாம், அரிதாக நிரந்தரமாகவும் பாதிக்கலாம். வைத்த எலும்பு ஒட்டாமல் போகலாம். திருகாணி தொந்தரவு தரலாம். கிருமி தொற்றலாம். கையை வெளிப்பக்கம் சுழற்றுவது கொஞ்சம் குறையலாம். கீஹோலோடு ஒப்பிட்டால் இது பெரிய ஒப்பரேஷன். எனக்கு விளிம்பு முழுதாக இருந்திருந்தால் இதைத் தானே சொல்லியிருக்க மாட்டேன் என்றார்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "24 வயதில் செய்திருந்தால் கீஹோல் போதுமா?"

"தெரியாது. அந்த வயது ஆண்களுக்குக் கீஹோலிலும் ஆபத்து உண்டு. ஆனால் அப்போது உங்களுக்குத் தெரிவு இருந்தது."

வீட்டுக்கு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. கார் ஓட்டினது அவதான்.

அம்மாவின் கணக்கு

அம்மாவுக்குச் சொல்வதுதான் சத்திரசிகிச்சையை விடப் பயம்.

"சின்ன ஓட்டையால செய்யலாமெண்டா ஏன் மோனை கிழிக்கிறாங்கள்? பக்கத்து வீட்டு அக்கான்ர பித்தப்பையை மூண்டு ஓட்டையாலதானே எடுத்தவங்கள். அடுத்த நாள் சமைச்சவ."

"அம்மா, அது உள்ளுக்க இருக்கிறதை வெளியில எடுக்கிறது. இது இல்லாத எலும்பை உள்ளுக்க வைக்கிறது."

"இல்லாத எலும்போ? எங்க போனது?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்தது. 19 வயதில் நடந்ததையும். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. திட்டுவா என்று நினைத்தேன். "அப்ப நானும் அப்பாவும் ரெண்டு வேலை செய்தனாங்கள். நீ சொல்லியிருந்தாலும் நாங்கள் எங்க கூட்டிக்கொண்டு போயிருப்பம்" என்றா. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்கு ஒன்று விளங்கினது. "சின்னக் கீறலா, பெரிய கீறலா" என்ற கேள்வியே பிழை. கீறல் என்பது வாசல். உள்ளே என்ன வேலை இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எந்த வாசல் என்று கேட்கலாம். நான் ஆறு கிழமை வாசலைப் பற்றியே வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கையோடு

ஐந்து மாதக் காத்திருப்புக்குப் பிறகு திகதி வந்தது. முதலில் கழுத்தடியில் ஊசி போட்டு நரம்பை மரக்க வைத்தார்கள். கை பாரமான மரக்கட்டை மாதிரி ஆனது. இந்த ஊசியால் கொஞ்ச நேரம் மூச்சு முழுதாக இழுக்க முடியாத மாதிரி இருக்கலாம், குரல் கரகரக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் பயந்திருப்பேன். அதன் பிறகு முழு மயக்கம். ஒரு இரவு ஆஸ்பத்திரியில். ஊசியின் வேலை முடிந்த இரண்டாம் நாள் இரவுதான் உண்மையான வலி. மருந்தை வலி வருவதற்கு முன்பே எடுக்கவேண்டும் என்ற அறிவுரையைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நாலு கிழமை ஸ்லிங். நித்திரை சாய்வு நாற்காலியில். சேர்ட் போட, தலை இழுக்க, இறைச்சி வெட்ட, எல்லாவற்றுக்கும் மனுசி. இதை எழுதும்போது நான் சொல்ல வேண்டியது: தோள் என்னுடையது, சத்திரசிகிச்சை இரண்டு பேருக்கும். அவ வேலைக்கும் போய், பிள்ளையையும் தூக்கி, என்னையும் பார்த்தா. திகதி எடுக்கும்போது உங்கள் துணையின் வேலை நெருக்கடியையும் பார்த்து எடுங்கள்.

அம்மா இரண்டு கிழமை வந்து நின்றா. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கூடாது, நண்டு பக்கத்தில் வரவே கூடாது. பிள்ளை பெத்தவளுக்குக் காய்ச்சுகிற சரக்குத் தண்ணியை எனக்குக் காய்ச்சித் தந்தா. நிபுணர் சொன்ன உணவுக் கட்டுப்பாடு ஒன்றுமில்லை, புகைக்க வேண்டாம் என்றது மட்டும்தான், எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும் என்று. ஆனால் சரக்குத் தண்ணியைக் குடித்தேன். 19 வயதில் மறைத்ததுக்கு அது ஒரு சின்னத் தண்டம்.

பிறகு பிசியோ. ஒன்ராறியோவில் ஆஸ்பத்திரிச் செலவை ஓஹிப் பார்த்துக்கொள்ளும். என் வயதுக்காரருக்குப் பிசியோ பெரும்பாலும் வேலைத்தலக் காப்புறுதி, அது முடிந்தால் சொந்தக் காசு. முன்கூட்டியே எத்தனை தடவைக்கு உங்கள் திட்டம் கட்டும் என்று பாருங்கள். கீஹோல் செய்தாலும் பிசியோவில் தப்ப முடியாது. சின்னத் துளை என்றபடியால் உள்ளே சீக்கிரம் ஆறாது. இரண்டிலும் தைத்ததும் ஒட்டினதும் பலப்பட மாதக்கணக்கு வேண்டும். இடிபடுகிற விளையாட்டுகளுக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு மாதம்.

உங்கள் பிள்ளைக்கு

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு ஹொக்கியோ, ரக்பியோ, கைப்பந்தோ விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதினேன்.

முதல் தடவை கழன்ற எல்லோருக்கும் சத்திரசிகிச்சை வேண்டுமென்று இல்லை. சுவீடனில் 257 தோள்களை 25 வருடம் பின்தொடர்ந்தார்கள். 12 முதல் 40 வயதுக்குள் முதல்முறை கழன்று, சத்திரசிகிச்சை இல்லாமல் பார்க்கப்பட்டவர்கள். முதல்முறை கழன்றபோது 12 முதல் 25 வயதுக்குள் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதித் தோள்கள் திரும்பக் கழரவில்லை, அல்லது காலப்போக்கில் தானாக நிலைத்துவிட்டன. மறுபக்கம், எடின்பரோவில் 15 முதல் 35 வயதுள்ள 252 பேரைப் பார்த்ததில், இரண்டு வருடத்துக்குள் பாதிக்கு மேல், ஐந்து வருடத்தில் மூன்றில் இரண்டு பங்குத் தோள்கள் திரும்பத் தொந்தரவு தந்தன. வயது குறையக் குறைய ஆபத்து கூட. ஆகவே பயப்படவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். ஒரு முறை கழன்றதும் ஒரு நிபுணரிடம் காட்டுங்கள். வீட்டில் 40 வயது தாண்டியவர்கள் ஸ்னோவில் விழுந்து தோள் கழன்றால் கதை வேறு. அவர்களுக்குத் திரும்பக் கழருவதை விட, தோளைத் தூக்குகிற தசைநார் கிழிந்திருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

நிபுணரிடம் போகும்போது இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்:

1. விளிம்பு மட்டும் பிய்ந்திருக்கா, எலும்பும் போயிருக்கா? எவ்வளவு என்று சிடியில் அளந்தீர்களா?

2. பந்தில் பள்ளம் இருக்கா? கையைத் தூக்கும்போது அது விளிம்பில் மாட்டுமா? கீஹோலில் அந்தப் பள்ளத்தைத் தசைநாரால் நிரப்புகிற வழியும் இருக்கிறது, இந்தத் தோளுக்கு அது பொருந்துமா?

3. இந்த வயதுக்கும் இந்த விளையாட்டுக்கும், ஒவ்வொரு முறையிலும் திரும்பக் கழரும் வாய்ப்பு என்ன?

4. நீங்கள் வழக்கமாகச் செய்வது எது? மற்றதையும் செய்வீர்களா, இல்லை வேறு ஒருவரிடம் அனுப்புவீர்களா?

5. திரும்பக் கழன்றால் அடுத்த படி என்ன?

அதைவிட முக்கியமாக, அவர்கள் கேட்கிற ஒரு கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும்: எத்தனை தடவை? 17 வயதுப் பிள்ளை உங்களுக்குச் சொல்கிற எண்ணும் உண்மையான எண்ணும் ஒன்றாக இருக்காது. ரீமில் இடம் போய்விடும் என்று பயந்திருப்பான். அம்மா நிறுத்திவிடுவா என்று பயந்திருப்பாள். "சொன்னால் விளையாட்டை நிறுத்த மாட்டன், சேர்ந்து முடிவெடுப்பம்" என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். எனக்கு அப்படி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உண்மை சொல்லியிருப்பேனா என்பது வேறு விசயம்.

இப்போது எட்டு மாதம். ஆறாம் மாத ஸ்கானில் எலும்பு ஒட்டியிருந்தது. கை வெளிப்பக்கம் முன்பு மாதிரி முழுதாகச் சுழலாது, பந்து வீசும்போது தெரியும். தழும்பு அக்குள் பக்கமாக ஒரு விரல் நீளம். நீச்சல் குளத்தில் மகள் அதைத் தன் சினேகிதிக்குக் காட்டி, "அப்பாக்கு இஞ்ச சிப் இருக்கு" என்று சொல்கிறாள்.

போன சனிக்கிழமை, அதே வீதியில், முயல் திரும்பவும் விழுந்தது. கை பின்னால் போகப் பார்த்தது, பழக்கம். பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்பா, கார் நிக்கட்டும்."

தமிழ் வகுப்பு வாசலில் காரை நிறுத்தி, இறங்கிப் போய், முயலை எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவளை வலது கையால் தூக்கி இறக்கினேன்.

அடுத்த மாதம் வழக்கம்போல வீட்டுப்பாடத்துக்குத் திரும்புவோம்.